செவியனுக்குக் கண் வைத்தவர்கள்

மார்த்தாண்டம் இரும்புப் பாலத்தின் கீழே
மட்டிக்குலை தொங்கும் கடைக்கு மேல்மாடி.
நான்கு கணினி. மூன்று நன்றாக ஓடும்.
நான்காவதில் முதல் பாகம் மட்டும்,
அதுவும் ஸ்டெபின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால்.

நிழற்கோள் மூன்றாம் பாகம் வந்த வாரம்
அங்கே நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஷாஜினுக்கு எதிரி என்றால் எண்ணிக்கை.
'வரட்டும்லே, ஈசலு கணக்கா வரட்டும்.
எனக்க சிதறுதோக்குக்குத் தீனி வேண்டாமா?'
வாசலில் நின்றபடியே
இருநூறு ஓட்டுப்பூச்சிகளை உடைத்துவிட்டு
ரசவடை தின்பான்.
அந்த மவுஸை அப்புறம் யாரும் தொடுவதில்லை.

லிஜோவின் துக்கம் வேறு.
இரண்டாம் பாகத்தில் அவனுடைய காந்தத்தோக்கு
மூன்று சுவரைத் துளைத்து
அப்பால் நிற்பவனைத் தேடிப்போகும்.
இப்போது கதவைத் தட்டி
உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்கிறதாம்.
'வலுவைக் குறைச்சிட்டானுவ. என்னத்துக்கு?
நான் ஜெயிச்சதுக்கு.'

ஆன்சிலா சுடுவதே இல்லை.
பசைக்குண்டு வீசிக் காவலாளிகளைக் கூரையில் ஒட்டிவிட்டு
அவர்களுக்கு அடியில் நடந்துபோவாள்.
கொல்லாமல் கடந்தால் பாதி மதிப்பெண் என்பது
மூன்றாம் பாகத்தின் புதுச் சட்டம்.
'பாதி மார்க்கு எனக்குப் புதுசா?' என்றாள்,
அரியர் இரண்டு பாக்கி வைத்திருப்பவள்.

எனக்கு ஒருவன் போதும். செவியன்.
முதல் பாகத்தில் அவனுக்குக் கண் கிடையாது.
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
சங்கின் உள்வளைவு போல ஒரு சுருள்.
நீ தோட்டா நிறைக்கும் சத்தம் கேட்டால் வந்துவிடுவான்.
ஆகவே பதினோரு குண்டுதான் உன் சொத்து,
பன்னிரண்டாவதை ஏற்றினால் செத்தாய்.
காலித் தோக்கோடு சுவரில் சாய்ந்து
மூச்சைப் பிடிக்கும்போதுதான்
விளையாட்டே ஆரம்பமாக்கும், மனசிலாச்சா?
குழித்துறை டிப்போவில்
எஞ்சினைக் கேட்டே பிழைக்கிறவன் நான்,
அதனாலோ என்னவோ.

மூன்றாம் பாகத்தில் அவனுக்கு
இரண்டு சிவப்புக் கண் வைத்துவிட்டார்கள்.
தலைக்கு மேலே ஒரு பச்சைக்கோடு,
உயிர் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று.
எளவு, பயத்துக்கு எவன்லே மீட்டர் மாட்டுனது?

'உனக்க செவியன் சும்மா நிக்கிற கல்லு' என்றான் ஷாஜின்.
'இருந்து பாரு' என்றேன்.

சனிக்கிழமை, மழை. ஸ்டெபின் ஒரு தட்டுத் தட்டினான்.
ஹெட்போனில் பஞ்சு பிய்ந்திருந்ததால்
எல்லோருக்கும் கேட்டது:
ஈரத்தரையில் ஒரு மூச்சு, இழுத்து இழுத்து.
எங்கள் தகரக்கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது மழை.
அந்தக் கோளில் மழையே கிடையாது.
ஆனாலும் செவியன் எங்கள் பக்கம் தலையைத் திருப்பியபோது
யாராவது மழையை நிறுத்துங்களேன் என்றிருந்தது.

ஷாஜினின் கை மவுஸின் மேல் தொடாமல் நின்றது.
நான்கு நிமிடம். ஐந்து.
ரசவடை ஆறி ஊறிப்போனது.
லிஜோ தும்மலை விழுங்கினான்.

கீழே பழக்கடைக்காரர் ஷட்டரை இழுத்தார்.

பதினோரு குண்டும் ஒரே மூச்சில் தீர்ந்தன,
எதைச் சுட்டான் என்று அவனுக்கே தெரியாது.
திரை கறுத்தது.
'லேக்' என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
ஆன்சிலா முப்பது ரூபாயை மேசையில் வைத்து
'இன்னொரு மணிக்கூறு இவனுக்கு' என்றாள்.

ஒன்பதரைக்கு இறங்கினோம்.
மேலே பாலத்தில் களியக்காவிளை பஸ் போனது,
கிளச் இன்னும் ஒரு மாதம் தாங்கும்.
ஷாஜின் பைக்கில் சாவியைப் போட்டான். திருப்பவில்லை.
இடப்பக்கம் பார்த்தான், பழக்கடை இருட்டைப் பார்த்தான்,
வண்டியைத் தள்ளிக்கொண்டே சந்திப்பு வரை நடந்தான்.

மூன்றாம் பாகத்துக்கு என் மதிப்பு பத்துக்கு நாலு.
அதில் ஒன்று பசைக்குண்டுக்கு.