முன்னால் இரண்டு

பழைய வீராவுக்கு நான்கு அப்சோர்பரும் போயிருந்தன.
சம்பளத்தில் மிஞ்சியது இரண்டுக்குத்தான்.
சரி, முன்னால் இரண்டு.

பாடாங் செராயில் ஞாயிறு காலை எட்டரைக்கே
ரோட்டுத் தார் மணக்கும்.
போர்ச்சில் இடம் போதாமல்
காரைப் பாதி வெளியே இழுத்து
பின்சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்தேன்.
பக்கத்து வீட்டு ரொஸ்லி
ஸ்பிரிங் கிளாம்பு இரண்டைக் கொண்டுவந்து தந்தான்.
"ஹாத்தி-ஹாத்தி, காக்" என்றான்,
தன் இடது ஆட்காட்டி விரலைக் காட்டி.
அதில் நகம் இல்லை.

ஜாகா வேலை முடிந்து வந்த குணாளன்
கைலியோடு, கோப்பி-ஓவோடு, வாசலில் நின்றார்.
கடையில் விட்டால் என்ன?
கூலி நூற்றிருபது வெள்ளி, உங்க பையில் இருக்கா?
அதற்கப்புறம் அவர்
டார்ச் லைட் பிடிக்க ஒப்புக்கொண்டார்.

பதினேழாம் நம்பர் நட்டு அசையவில்லை.
எண்ணெய் விட்டேன். தட்டினேன். திட்டினேன்.
கடைசியில் ஸ்பானர் பிடியில் தண்ணீர்க் குழாயைச் செருகி
அதன்மேல் ஏறி நின்றேன்.
டாக்டர் குறைக்கச் சொன்ன எழுபத்தெட்டு கிலோ
அன்று ஒரு காரியத்துக்கு ஆனது.
டக்.
உடைந்தது ஸ்பானர் என்று நினைத்தேன்.
இல்லை, துரு.

அடுத்தது ஸ்பிரிங்.
இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று,
அவசரப்பட்டு மேல்நட்டைக் கழற்றினால்
இத்தனை வருடம் காரைச் சுமந்த கோபம்
ஒரே மூச்சில் வெளியே வரும்.
கடைசிச் சுற்றில் டார்ச் வெளிச்சம் தூரப் போயிற்று.
திரும்பினால்
குணாளன் கேட்டுக்கு அந்தப் பக்கம்.

பழைய அப்சோர்பரைச் சிமெண்டில் ஊன்றி அழுத்தினேன்.
போனது போனதுதான். மேலே வரவில்லை.
புதியதை அழுத்தினால்
யாரும் துரத்தாததுபோல் நிதானமாக எழுந்தது.
கேட்டுக்கு உள்ளே வந்துவிட்ட அவர்
அதை நான்கு முறை அழுத்திப் பார்த்தார்,
ஐந்தாவதற்கு நான் பிடுங்கிக்கொண்டேன்.

காரைச் சுமப்பது இது என்றே எண்ணியிருந்தேன்.
சுமப்பது ஸ்பிரிங்.
சுமந்தது ஆடிக்கொண்டே இருக்காமல்
போதும் என்று நிறுத்துவதுதான் இது.
இருபது வருடம் கார் ஓட்டுகிறேன்,
இரண்டும் வேறென்று தெரியாமல்.

திங்கள் இரவு ஷிப்ட். கூலிமுக்கு,
கையுறை பேக்டரிக்கு, வழக்கம்போல் நாங்கள் நால்வர்.
ஐந்தாம் கட்டை வளைவில்
செம்பனை லோரிகள் தோண்டிய குழி.
முன்சக்கரம் கேள்விப்படவே இல்லை.
பின்சக்கரம் விழுந்த விழுகையில்
சுனிதாவின் சோற்றுப்பாத்திரம் எழுந்து
காக் நோர்மாவின் மடியில் உட்கார்ந்தது.
"முன்னால் கோலாலம்பூர் ஹைவே,
பின்னால் கித்தாக்காடு" என்றாள்
முன்சீட்டில் இருந்த பொற்செல்வி.
சிரித்தோம். நோர்மா மட்டும் முழங்காலைத் தடவினாள்.

மறுநாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு மாத வண்டிக்காசு பாக்கி வைத்திருக்கும் பொற்செல்வி
தானாகவே பின்கதவைத் திறந்து ஏறினாள்.
நோர்மா முன்னால் வந்தாள்.
நேப்பாளத்துச் சுனிதாவை யாரும் கேட்கவில்லை,
நானும்.

மீதி இரண்டு அடுத்த சம்பளத்தில்,
கரண்டு பில் சம்மதித்தால்.
அதுவரை ஸ்டீரிங் கொஞ்சம் இடதுபக்கம் இழுக்கிறது,
அலைன்மெண்டுக்கும் காசு வேண்டும்.
குழி வரும்போது கண்ணாடியைப் பார்க்கிறேன்.
இரண்டு தலைகள் எழும்பி இறங்குகின்றன,
என் தலை இருந்த இடத்தில்.

கியரைக் குறைக்கிறேன்.
என் இடுப்பு வலித்த நாளெல்லாம்
இந்த வளைவில்
நான் மெதுவாகப் போனதே இல்லை.