வால்

பீல் நகருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டிய முற்றத்தில்
இரண்டு வீடுகள் மழையில் நிற்கின்றன.

ஒன்றுக்கு நான்கு இரும்புக் கால்.
பிக்கப் பின்னால் வந்து வயிற்றுக்கடியில் புகுந்ததும்
காலை மடக்கி முதுகில் ஏறிக்கொள்ளும்,
தேர் பார்த்துக் களைத்து நடக்க மறுக்கும் பிள்ளையைப் போல.

மற்றது நீளம். ஏழரை மீட்டர்.
தனக்கென்று சக்கரங்கள் இருந்தும்
பிக்கப்பின் மடியில் கழுத்தை வைத்துப் படுத்திருக்கிறது.
கொக்கி விழும்போது ‘டக்’ என்றொரு சத்தம்.
அந்தச் சத்தத்துக்கு மட்டும்
எட்டாயிரம் பிராங்க் கூடக் கொடுப்பேன்.

ஸ்டுக்கி குடையைத் தன் தலைக்கு மட்டும் பிடித்தபடி
எடை சொன்னார், வட்டி சொன்னார்.
நான் நீளத்துக்குள் ஏறினேன்.
அடுப்புக்கு நாலு வாய்.
முதியோர் இல்லத்துக் குசினியில் இருபத்தாறு வருடம் நின்றவனுக்கு
அடுப்பு வாயை எண்ணாமல் இருக்க வராது.
நிமிர்ந்து நின்று குளிக்கலாம்.
கடைசியில், திரைக்குப் பின்னால்,
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு சின்னக் கட்டில்.

“ஏரிக்கரையில நிப்பாட்டிப்போட்டு
வீட்டைக் கழட்டி விட்டிட்டு
பிக்கப்பில போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வரலாம்” என்றேன்.
“வீடு அங்கயே நிக்கும்.”

வதனி படியிலேயே நின்றாள்.
அவள் ஓட்டுவது நகரப் பேருந்து,
இடுப்பில் ரப்பர் மடிப்பு வைத்த பதினெட்டு மீட்டர்.
“நாள் முழுக்கக் கண்ணாடியில வாலைத்தான் பார்க்கிறன்.
சைக்கிள்காரன் தப்பினானோ,
வால் முடக்கைத் தாண்டிட்டோ எண்டு.
லீவிலயும் எனக்கொரு வாலோ?”

நானே ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.
இழுவைக்கான லைசன்ஸ் அவளிடம்தான் இருக்கிறது.

ஸ்டுக்கி சாவியை என்னிடம் நீட்டினார்.
அவள் வாங்கிக்கொண்டாள்.

இடப்பக்கம் போக வேண்டுமென்றால் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.
ஏழரை மீட்டரையும் பின்னால் எடுத்தாள்,
இரண்டு தகரக் கொட்டகைகளுக்கு நடுவே,
ஒரே மூச்சில்.
ஸ்டுக்கியின் குடை தானாகத் தாழ்ந்தது.
இறங்கி வந்து சாவியைக் கொடுத்தாள்.
“ஏலும்” என்றாள். “விருப்பமில்லை.”

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள்.
வீடு ஏறினால் என்ன செய்வதென்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

நாற்கால் வீட்டின் ஏணியில் முழங்கால் இரண்டும் முறையிட,
படுத்துப் பார்த்தோம்.
மூக்குக்கும் கூரைக்கும் நடுவே ஒன்றரைச் சாண்.
மழை எங்கள் நெற்றியில் விழுவது போலவே விழுந்தது.
“நடுச்சாமத்தில ஒண்டுக்கு வந்தா
என்னை உழக்கித்தான் இறங்கோணும்.”
“சண்டை பிடிச்சா?”
“ஒராள் வெளியில நனையோணும்.”
“ஆர்?”
அதற்கு அவள் சிரித்த சிரிப்பில்
ஆர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகுதான் கேட்டேன், கூரையைப் பார்த்தபடி:
“பிள்ளையள் வந்தா?”

ஆரணனுக்கு இருபத்தொன்பது.
கீர்த்திகன் லொசானிலிருந்து பேசினால் நாலு நிமிடம்,
அதில் ஒரு நிமிடம் சிக்னல் இல்லை.

ஒரு ரயில் போய் முடியும்வரை
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
“வெறுங்கட்டில் ரெண்டை
மலைக்கு மேல இழுத்துக்கொண்டு போகச் சொல்லுறியளோ?
வந்தா கூடாரம் அடிக்கட்டும்.
நல்ல பிள்ளையள்தான்.
அடிப்பாங்கள்.”

ஸ்டுக்கி கதவைத் தட்டினார். ஐந்தரைக்கு மூடுகிறார்களாம்.
எழப் பார்த்தேன். அவளைத் தாண்டாமல் வழியில்லை.
“கொஞ்சம் பொறுங்கோ” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

சின்ன ஜன்னல் வழியே தெரிந்தது
அந்த நீளமான வீடு,
அவள் விட்ட இடத்தில்,
இரு பக்கமும் ஒரு விரல்கூடப் பிசகாமல்.