எட்டாவது டப்பா

இனாரி ஏரிக்கரை. இரவு பதினொன்றரை.
சூரியன் இன்னும் பிர்ச் மரநுனியில்.
மீன் டப்பாக்களில் மெழுகு ஊற்றுகிறாள் அவுலிக்கி.
எலுமிச்சைப்புல் எண்ணெய் பத்தே சொட்டு போதும்;
கை தவறி அரைப்புட்டி.

ஏழு டப்பா ஏற்றியாயிற்று.
வெயிலில் ஒரு சுடரும் கண்ணுக்குத் தெரியவில்லை.
எரிகிறதா என்று விரல் நீட்டிய தர்மோ
சுட்டுக்கொண்டு
சொல்லக்கூடாததைச் சொன்னான்.

மேசைமேல் பாகப்பிரிவினைத் தாள்:
படகு அவனுக்கு, குடில் அவளுக்கு.
பறக்காமலிருக்க மேலே எட்டாவது டப்பா,
மெழுகு இன்னும் இறுகவில்லை.

கையெழுத்திடக் குனிந்தான்.
பிடரியில் ஒரு கொசு,
எண்ணெய்க்கெல்லாம் அசராதது.
அடித்தாள்,
கொசுவுக்குத் தேவையானதைவிடச் சற்றுப் பலமாக.

டப்பா கவிழ்ந்தது.
பெயர் எழுதும் இடத்தில்
மெழுகு வெளுக்கத் தொடங்கிற்று.

நாளைக்குச் சுரண்டிக்கலாம் என்றாள்.
நாளை எப்போது தொடங்குமென்று
வானம் பார்த்துச் சொல்ல முடியாத ஊரில்.