தொடர்புடைய துறை

படிப்பு முடித்து ஆறு மாதமானவர்களைத்
தொலைபேசியில் கூப்பிடுவது என் வேலை.
ஜாலான் புசார், மீன்தொட்டிக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி.
குளிரூட்டிப் பராமரிப்பில் டிப்ளோமா தரும் கல்லூரியில்
குளிரூட்டி போன செவ்வாயிலிருந்து சொட்டுகிறது.
அடியில் ஒரு மைலோ டின் வைத்திருக்கிறோம்.

கேள்விகள் நாலு.
வேலையில் இருக்கிறீர்களா?
படித்த துறைக்குத் தொடர்புடையதா?
சம்பளம் எவ்வளவு?
கல்லூரியைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா?

வாரத்துக்கு ஒரு மணி நேரம் உழைத்தாலும்
வேலையில் என்றே பதியச் சொல்கிறார் மிஸ்டர் ஹோ.
எடுக்காத எண்களைக் கழித்துவிட்டு
எடுத்தவர்களால் வகுத்தால்
நூற்றுக்கு எண்பத்தேழு.
கீழே கண்ணாடிக் கதவில்
என் உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது அந்த எண்.
எட்டின் கீழ்வட்டத்துக்குள் யாரோ
குழாய் அடைப்பு எடுப்பவரின் அட்டையை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஹஃபீஸுதீன் இரண்டாவது மணியில் எடுத்தார்.
பின்னால் மழை, மோட்டார் சைக்கிள்.
சாப்பாடு டெலிவரி செய்கிறாராம்.
"பையில் ஐஸ்கிரீம் இருக்கு, சிஸ்டர்.
உருகாமல் கொண்டுபோகணும்.
தொடர்புடையதுன்னே போட்டுக்குங்க."
அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.
பிறகு அப்படியே போட்டேன்.

சேர்க்கை மேசையில் குவெக் சியூ ஹுவா
வருகிறவர்களிடம் குரலைத் தணித்துச் சொல்வாள்:
இரண்டே இடம்தான் பாக்கி.
பிப்ரவரியிலிருந்து பாக்கியிருக்கும் அந்த இரண்டு இடங்களில்
இதுவரை முப்பத்தொரு பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

பட்டியலில் பதினாலாம் வரிசைக்கு
நான் கூப்பிட வேண்டியதில்லை.
அலுவலக நிர்வாகம், மூன்றாம் அணி.
வேலையில்: ஆம்.
தொடர்புடையது: ஆம்.
சம்பளம்: மீதித் தவணை பிடித்தம் போக.
மிஸ்டர் ஹோ பெற்றோரிடம் என்னைக் காட்டுவார்,
நான் எழுந்து நிற்பேன்.

பதினோரு மணிக்கு ஏணியோடு ஒருவர் வந்தார்.
எங்கே படித்தீர்கள் என்றேன்.
யூடியூபில், என்றார்
வாயில் திருகாணியைக் கடித்தபடி.
நூற்று இருபது வெள்ளி. ரொக்கமாக.
டின்னை நான்தான் கழுவினேன்.

பதினைந்து, பேச்சிமுத்து.
துவாஸில் கப்பல் பட்டறை. மதிய இடைவேளை.
ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்,
கடைசி வரிசை, கையில் தீப்பொறித் தழும்பு,
மூன்று மணிக்கு மேல் கண் செருகும்,
ஆனாலும் பேனா நகர்ந்துகொண்டேயிருக்கும்.

"ஐயாயிரத்து எழுநூத்தி அம்பது வெள்ளி கட்டுனேன், மிஸ்.
ஒரு நாளைக்கு இருபத்திரெண்டு.
எரநூத்தி அறுபத்தொரு நாளும் எட்டு வெள்ளியும்.
சும்மா ஒரு கணக்குக்குச் சொல்றேன்."

சான்றிதழைக் காட்டினீர்களா?

"காட்டுனேன். முதலாளி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு.
நல்ல தாளுன்னாரு.
அதே சம்பளம்தான், அதே லாரிதான்."

நாலாவது கேள்வியைக் கேட்காமல் விடலாமா என்று யோசித்தேன்.
கேட்டுவிட்டேன்.

"தம்பிக்கு ஏற்கெனவே சொல்லிட்டேன், மிஸ்.
வேற என்ன சொல்றது?
அவ்வளவு காசு கட்டிட்டு
வேஸ்ட்டுன்னா சொல்ல முடியும்?"

ஆம் என்று பதிந்தேன்.

"அப்புறம் அந்த அட்வான்ஸ்டு டிப்ளோமா
எப்ப ஆரம்பிக்குது?
பழைய மாணவருக்குக் கொறைப்பாங்களாமே.
அதையும் முடிச்சாத்தான் மதிப்பாம்,
இடம் இருக்கா?"

நாக்கு நுனியில்
அந்த இரண்டு இடங்களும் வந்து உட்கார்ந்துகொண்டன.
துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அந்தப் பக்கம் சங்கு ஊதியது.
"கூப்புடுறாங்க மிஸ், ஞாயித்துக்கெழம நேர்லயே வந்துர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் உண்டு.
அன்றைக்குத்தான் கூட்டமும்.