தொய்வு

கடிதம் பதினான்காம் எண் வீட்டிலிருந்து.
எழுதியவர் ப்ரெபென் ஸ்கூபோ.
முகப்புச் சுவருக்குப் புதிதாக மஞ்சள் பூசியிருக்கிறார்.
தெருவின் குறுக்கே விளக்கைத் தாங்கும் கம்பி
குடிகாரன் இடுப்புவார்போல் தொங்குகிறதாம்.
நகராட்சி அதை இழுத்து நேராக்க வேண்டும்,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல்.

கோபன்ஹேகனின் இந்தப் பக்கத்துத் தெருக்களில்
விளக்குகளுக்குக் கால் கிடையாது.
எதிரெதிர் வீடுகள் இரண்டு
ஆளுக்கொரு முனை பிடித்திருக்கும்.

ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
கடிதத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.
ஒரு சென்டிமீட்டருக்கு நூறு நியூட்டன்.
விளக்கின் எடை, கீழ்நோக்கி இரண்டு சென்டிமீட்டர்.
அந்த அம்பின் நுனியில் வால் வைத்துப்
பதினான்காம் வீட்டின் இழுப்பு.
அதன் நுனியில் பதினேழாம் வீட்டின் இழுப்பு.
புறப்பட்ட புள்ளிக்கே திரும்பியது பென்சில்.
திரும்பினால்தான் விளக்கு நிற்கிறது என்று பொருள்.
ஓரிடத்தில் சும்மா இருக்க
இத்தனை சுற்று.

இப்போது தொய்வு அறுபது சென்டிமீட்டர்,
அம்பு ஒவ்வொன்றும் பத்து.
தொய்வைப் பத்தாக்கினால் அம்பு அறுபது.
தாள் போதவில்லை,
மேசை விளிம்பில் காபிக் கோப்பையை நகர்த்தியும் போதவில்லை.
ஸ்கூபோ கேட்கிறபடி முற்றிலும் நேராக்கினாலோ
இரண்டு அம்பும் இணைகோடுகள்.
சந்திப்பைத் தேடி என் பென்சில்
ஜன்னல் வழியே இறங்கித் துறைமுகம் கடந்து
நீரிணை தாண்டி ஸ்வீடனுக்குள் போகும்.
அங்கேயும் சந்திக்காது.
அதற்கு வெகுமுன்பே
கொக்கியோடு செங்கல் பெயர்ந்து வந்திருக்கும்.

கொக்கியைப் பார்க்கப் பதினேழுக்குப் போனேன்.
மூன்றாம் மாடி. மெட்டா லிண்டெகோர்,
பல் மருத்துவமனையில் இரவுக் கணக்கு எழுதுபவர்.
கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு நேர் வெளியே கொக்கி.
காற்றடித்தால் சுவர் முனகுகிறது,
வெந்நீர்க் குழாய் என்று நினைத்திருந்தேன் என்றார்.
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்த சுண்ணாம்பு.
அதற்குப் பின்னால் ஆயிரம் நியூட்டன்.
விளக்கைத் தூக்குவது அதில் வெறும் நூறு.
மீதியெல்லாம் கிடைமட்டம்,
எதிர்வீட்டு மஞ்சள் சுவர் இதை இழுப்பதும்
இது அதை விடாமலிருப்பதும்.
ஸ்கூபோவைத் தெரியுமா என்றேன்.
ரொட்டிக் கடையில் பார்த்திருக்கலாம்
என்றார், யோசித்து.

மறுப்பு எழுதினேன். ஒரே பத்தி.
படத்தை இணைக்க முடியவில்லை,
அதன் முதுகில் இருப்பது அவர் கடிதம்.

அன்றிரவு பனி.
விளக்கின் தலையில் வெள்ளையாய் ஒரு பாரம்.
கம்பி இன்னும் இரண்டு விரல் தாழ்ந்து
அதையும் வாங்கிக்கொண்டது.
பதினேழில், தலைமாட்டுச் சுவர்
ஸ்ருதி மாற்றியிருக்கும்.