ஒ வரிசை

பாளையங்கோட்டை, தெற்கு பஜார், மாடி அறை.
மின்விசிறி போட்டால் தாள் உதிரும்,
போடாவிட்டால் நான்.

‘பொருநை வர்த்தமானி’, வாரம் இருமுறை,
முப்பத்தோரு வருஷம்.
பொருளடைவு போடுகிறேன்.
பஞ்சு விலை: பார்க்க, தூத்துக்குடி.
தூத்துக்குடி: பார்க்க, கப்பல், காலரா.
இராமபாணம் துளைத்த ஓட்டை வழியே
திங்கட்கிழமையிலிருந்து வியாழக்கிழமை தெரிகிறது.

கருங்குளத்தில் காணாமல்போன காளைக்கு
மயிலை நிறம், இடது கொம்பு மழுங்கல்,
தொடையில் சூடு, பெயர் வீரணன்,
கண்டு சொல்வோர்க்கு ரூபாய் இரண்டு.
நான்கு அட்டை எழுதினேன் அதற்கு.

அதன் கீழே:
‘கொக்கிரகுளம் ஆற்றில் ஒரு ஸ்திரீயின் பிரேதம்.
வயது இருபத்தைந்து இருக்கலாம்.
மழை இல்லை.’

எந்த எழுத்தில் வைப்பது இவளை?
ஆறு நிரம்பிவிட்டது.
ஸ என்றால் கடைசி டிராயர், திறக்காது.
‘ஒ-வுல போடுங்கக்கா’ என்றாள் ஜெபக்கனி,
‘ஒரு ஸ்திரீ.’

போட்டேன்.
மார்கழிக்குள் ஒ வரிசையில்
நூற்றுப் பதினேழு பேர்.
கிணறு, தண்டவாளம், அடுப்படி, மறுபடி கிணறு.

நேற்று ஓர் ஆய்வாளர் வந்தார்,
மாட்டுச்சந்தைகள் குறித்து.
வீரணனை ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தேன்.
மூன்றாம் இதழில்
அது கிடைத்துவிட்ட செய்தியும் இருந்தது.

அவர் போனபின் ஒ டிராயரை இழுத்தேன்.
ஒவ்வோர் அட்டையிலும் ‘பார்க்க’ என்றெழுதி
முக்காற்புள்ளி வைத்து
பக்கத்தில் இடம் விட்டுவருகிறேன்.
‘எவ்வளவு இடம்க்கா?’

அளவு பார்க்க
பென்சிலில் என் பெயரை எழுதினேன்.
சங்கரவடிவு.
கொஞ்சம் நீளம்தான்.