வட்டம் விழாத தட்டு

ஜெலுத்தோங் பள்ளியிலிருந்து
ஐஸ் பெட்டியில் வந்தன
நூற்றுப் பன்னிரண்டு போத்தல்கள்.
எண் போதும், பெயர் வேண்டாம்
என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தோம்.
அறுபத்து மூன்றில் மட்டும்
பென்சிலில் பெயர்:
ஹேமாஷினி.
இடம் போதாமல் 'னி' மட்டும்
போத்தலின் முதுகுக்குப் போயிருந்தது.
சோதனை என்றால் பெயர் எழுத வேண்டும்,
பள்ளியில் அப்படித்தானே பழக்கம்.

காய்ச்சல்? இல்லை.
எரிச்சல்? இல்லை.
அடிவயிற்றில் வலி? இல்லை.
தாதி ஓரத்தில் கிறுக்கியிருந்தார்:
வரிசையில் நிற்கவில்லை,
கயிறு குதித்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தைந்து டிகிரி இருட்டில் ஒரு ராத்திரி.
காலையில் தட்டு முழுக்க
சிராப் பாண்டோங் நிறம்.

அடுத்த தட்டில்
மருந்து நனைத்த ஆறு வெள்ளைப் பொட்டுகள் வைத்தேன்.
மருந்து பலித்தால்
பொட்டைச் சுற்றி வெற்று வட்டம் விழும்,
கிருமி அஞ்சி ஒதுங்கிய இடம்.
நான்கு பொட்டுகளுக்கு வட்டமே இல்லை.
தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலை போல
ஒட்டி உரசி நெருங்கி நிற்கிறது கூட்டம்.
பூன் லெங் அளவுகோலை வைத்தாள், எடுத்தாள்.
அளக்க ஒன்றுமில்லை என்றாள்.

ஏழு வயது.
இத்தனை மருந்துகளை எங்கே சந்தித்தாய், பெண்ணே?
அல்லது நீ சந்திக்கவே இல்லையா,
யாரோ பாதியில் நிறுத்திய சண்டை
கைமாறிக் கைமாறி உன்னிடம் வந்ததா?
என் வீட்டு ஐஸ் பெட்டியிலும்
ஊறுகாய்க்குப் பின்னால் நிற்கிறது
மகனுக்குக் கொடுத்து மீந்த ஆரஞ்சு மருந்து.
மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது.
அடுத்த தடவைக்கு ஆகும் என்று
வைத்தவள் நான்தான்.

கடிதம் கிடைத்து அம்மா வந்தார்,
பாயான் லெப்பாஸ் ஆலையில் அரை நாள் சொல்லிவிட்டு.
மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.
அவருக்கு மலாய் நன்றாகவே தெரியும்;
கோபம்தான் தமிழில் வந்தது.
"கிருமி இருக்குன்னு எழுதுனது நீங்க.
இப்ப மருந்து வேணாங்கிறதும் நீங்க.
வெறும் தண்ணி குடிக்கச் சொல்லவா
வரச் சொன்னீங்க?"

டாக்டர் நூரைனி பொறுமையாகச் சொன்னார்:
வலிக்காத கிருமியை அடித்தால்
வலிக்கிற கிருமி வந்து குடியேறும்.
காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வாருங்கள்,
ராத்திரியானாலும்.
நான் தமிழில் சொன்னேன்.
என் தமிழில் அது
கைவிரிப்பது போலவே கேட்டது.

"பள்ளியில ஒண்ணுக்குப் போவியாம்மா?"
ஹேமாஷினி காலாட்டிக்கொண்டே சொன்னாள்:
"மாட்டேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல.
புடிச்சுக்க ரெஷ்மிதா வருவா.
அவ வேற வகுப்புக்குப் போயிட்டா."

மணி மூன்று.
அறிக்கையைத் தட்டச்சு செய்தேன்.
அமோக்சிலின், பலிக்காது.
அடுத்தது, பலிக்காது.
அதற்கடுத்தது.
'பரிந்துரை' என்ற கட்டத்தில்
தாழ்ப்பாள், ஒன்று
என்று மலாயில் அடித்தேன்.
கணினி ஏற்கவில்லை.
பட்டியலில் அப்படி ஒரு மருந்து இல்லையாம்.